சர்வர் இருக்கும் மண்ணும் சுவிட்சில் இருக்கும் கையும்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் கப்பல், தமிழுக்கு ஒரு சொல்லையும் விட்டுச்சென்றது. யார் கைக்கும் பிடிபடாத ஆளை இன்றும் 'அவன் எம்டன்' என்கிறோம். அந்தக் கப்பல் எங்கே போய் மாட்டிக்கொண்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9 காலை, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுக்கூட்டத்தில் ஒரு சிறு தீவை அது அடைந்தது. அங்கே கோட்டையோ பீரங்கியோ கிடையாது. இருந்தது ஒரு தந்தி நிலையம். அதுவும் ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் என்ற தனியார் தந்திக் கம்பெனியின் சொத்து. கரையிறங்கிய சுமார் 50 ஜெர்மன் மாலுமிகள் கருவிகளை உடைத்தார்கள், கடலடிக் கம்பியைத் தேடி வெட்டினார்கள். நிலையத்தின் கம்பியில்லாத் தந்திக் கம்பம் சாயும்போது டென்னிஸ் மைதானத்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி கம்பெனி ஊழியர்கள் கேட்க, அவர்களும் இணங்கியதாகச் சொல்வார்கள். ஆனால் மாலுமிகள் கரையேறுவதற்கு முன்பே, அந்நியக் கப்பல் ஒன்று வந்திருப்பதாக நிலையத்திலிருந்து செய்தி போய்விட்டது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனின் கதையை முடித்தது.

ஒரு பேரரசின் போர்ச்செய்திகள் ஒரு கம்பெனியின் கம்பியில் ஓடின. சம்பளத்துக்கு வேலைபார்த்த தந்தி ஊழியர்கள் ஒரு காலைப்பொழுதில் போரின் ஒரு தரப்பாகிப் போனார்கள்.

தந்திக் கம்பியின் இடத்தில் இப்போது கிளவுட் இருக்கிறது. இன்னொருவருடைய கணினியை, இன்னொருவருடைய கட்டடத்தில், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வேலை வாங்கும் ஏற்பாடு அது. ராணுவங்களும் உளவு அமைப்புகளும் அதில் மின்னஞ்சலை மட்டும் வைப்பதில்லை. டிரோன் அனுப்பும் காட்சிகள், ஒட்டுக்கேட்ட பேச்சுகள், குடிமக்கள் பதிவேடு, போர்முனையில் எந்தப் படை எங்கே நிற்கிறது என்ற வரைபடம் என எல்லாமே அங்கே போகின்றன. உலகக் கிளவுட் சந்தையில் பாதிக்கு மேல் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் என்ற மூன்று அமெரிக்க நிறுவனங்களிடம் இருக்கிறது. எனவே பெரும்பாலான நாடுகளுக்கு, வாடகைக்கு எடுப்பது என்றாலே ஏதோ ஒரு வகையில் எல்லை தாண்டுவதுதான். அப்படியானால் ஒரு நாட்டின் பாதுகாப்பு ரகசியம் இன்னொரு நாட்டு மண்ணில், மூன்றாவது நாட்டுக் கம்பெனியின் சர்வரில் இருக்கும்போது, அதன்மேல் கடைசி அதிகாரம் யாருக்கு?

இதற்கு இதுவரை கிடைத்த விடைகளில் பெரும்பாலானவை 'சர்வர் எங்கே இருக்கிறது' என்பதிலிருந்து தொடங்குகின்றன. கடந்த சில ஆண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், முடிவை நிர்ணயித்தது பெரும்பாலும் வேறொன்று என்று தோன்றுகிறது: சுவிட்சின்மேல் யார் கை இருந்தது என்பது.

கம்பிக் காலத்து விடைகள்

முதல் விடை பிரிட்டனுடையது. எல்லாவற்றையும் தன் மண்ணிலேயே வைத்துக்கொள்வது. வரைபடத்தில் சிவப்பு வண்ணம் பூசிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளை மட்டும் தொட்டு உலகைச் சுற்றிவரும் 'ஆல் ரெட் லைன்' தந்தித் தடம், 1902-இல் பசிபிக் கம்பியோடு முழுமை பெற்றது. 1911-இல் பேரரசின் பாதுகாப்புக் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. பிரிட்டனை உலகத்திலிருந்து துண்டிக்க வேண்டுமானால் எதிரி 49 கம்பிகளை வெட்டியாக வேண்டும்.

ஜெர்மனிக்கு அந்த வசதி இல்லை. 1914 ஆகஸ்ட் 5 அன்று, போர் அறிவித்த சில மணி நேரத்தில், பிரிட்டிஷ் கம்பிக் கப்பல் ஒன்று ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மானியக் கம்பிகளை வெட்டிப் போட்டது. அதன்பின் ஜெர்மனியால் இரவல் கம்பியில்தான் பேச முடிந்தது; அது இரண்டாவது விடை. 1917 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன், அமெரிக்காவோடு போர் மூண்டால் தங்களோடு சேரும்படி மெக்சிகோவை அழைத்த தந்தி அமெரிக்கத் தூதரகத்தின் வழியாகவே போனது. சமாதானப் பேச்சுக்கு உதவட்டும் என்று அமெரிக்கா நல்லெண்ணத்தில் திறந்துவிட்ட வழி அது. அந்தத் தடம் பிரிட்டனைத் தொட்டுச் சென்றது. அங்கே பிரிட்டிஷ் உளவுப்பிரிவு காத்திருந்தது. கம்பி ஒருவருடையது, பாதை இன்னொருவர் மண்ணில், செய்தி மூன்றாமவருடையது. கிளவுட் குறித்த இன்றைய வாதங்களின் எலும்புக்கூடு அநேகமாக முழுதும் இந்த ஒரு தந்தியில் இருக்கிறது.

மூன்றாவது விடையைச் சட்டம் சொன்னது. 1907-ஆம் ஆண்டின் ஹேக் ஐந்தாம் உடன்படிக்கை, தன் நாட்டுக் கம்பெனிகளின் தந்தி, தொலைபேசிக் கம்பிகளைப் போரிடும் நாடுகள் பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டிய கட்டாயம் நடுநிலை நாட்டுக்கு இல்லை என்றது. தடுத்தால் இரு தரப்பையும் ஒன்றுபோல் தடுக்க வேண்டும். அதே உடன்படிக்கை, போரிடும் நாடு நடுநிலை மண்ணில் தன் ராணுவத்துக்கென்று தனித் தந்தி நிலையம் நிறுவுவதை விலக்கியது. கடைத்தெருவில் எல்லோருக்கும் விற்கும் சேவையை வாங்கலாம், தனக்கென்று கடை திறக்கக் கூடாது என்பது அதன் சாரம். அப்போது அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது எளிதாக இருந்தது.

நம் மண்ணிலேயே இருக்கட்டும்

பிரிட்டனின் பழைய விடைக்கு இன்றைய பெயர் 'தரவு இறையாண்மை'. 2013-இல் அமெரிக்க உளவு குறித்து ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு அதற்குப் பெரிய வேகம் கிடைத்தது. அமெரிக்காவே இந்த வழியில்தான் போனது. அதே 2013-இல் சி.ஐ.ஏ. 60 கோடி டாலருக்கு அமேசானோடு தனிக் கிளவுட் ஒப்பந்தம் போட்டது. பென்டகனின் 1,000 கோடி டாலர் 'ஜெடை' டெண்டர் 2019-இல் மைக்ரோசாஃப்டுக்குப் போய், அமேசான் வழக்குத் தொடுத்து, 2021-இல் ரத்தானது. 2022 டிசம்பரில் 900 கோடி டாலர் வரையிலான வேலையை அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் என நான்கு நிறுவனங்களுக்குப் பங்கிட்டார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் 200 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு, தன் உச்ச ரகசியத் தகவல்களுக்கென்று மூன்று தரவு மையங்களைத் தன் மண்ணிலேயே அமைக்க அமேசானோடு ஒப்பந்தம் செய்தது. அவை எந்த ஊர்களில் என்று அரசு சொல்லவில்லை.

கட்டடம் உள்நாட்டில், காவல் உள்நாட்டவர் கையில், ஆனால் மென்பொருளைப் பழுதுபார்ப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பென்டகனுக்குக் கிடைத்த பதில் சங்கடமானது. 2025 ஜூலையில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கிளவுட் அமைப்புகளைப் பராமரிக்க மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகளாகச் சீனாவிலிருக்கும் பொறியாளர்களைப் பயன்படுத்திவந்ததை வெளியிட்டது. விதிப்படி வெளிநாட்டவர் அந்தக் கணினிகளைத் தொடக் கூடாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பாதுகாப்பு அனுமதி பெற்ற அமெரிக்கர் ஒருவர் 'டிஜிட்டல் எஸ்கார்ட்' என்ற பெயரில் நடுவில் உட்காருவார். சீனாவிலிருந்து பொறியாளர் என்ன கட்டளை என்று சொல்வார். எஸ்கார்ட் அதை அப்படியே எடுத்துக் கணினியில் ஒட்டுவார். ஒட்டும் வரி என்ன செய்யும் என்று புரிந்துகொள்ளும் அளவுக்குப் பல எஸ்கார்ட்டுகளுக்குத் தொழில்நுட்ப அறிவு கிடையாது. செய்தி வந்த சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

மண் அமெரிக்காவுடையது, சர்வர் அமெரிக்காவுடையது, கம்பெனியும் அமெரிக்காவுடையது. விசைப்பலகையில் தட்டியதும் அமெரிக்க விரல்தான். என்ன தட்ட வேண்டும் என்று சொன்ன குரல் மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தது. ஆகவே உள்நாட்டில் வைத்துக்கொள்வது பயனற்றது என்று சொல்வதற்கில்லை. நீதிமன்ற ஆணை, உரிமையாளர் மாற்றம், கம்பித் துண்டிப்பு போன்ற பல ஆபத்துகளை அது குறைக்கிறது. ஆனால் அதை முழு விடை என்று விற்பவர்கள், பராமரிப்பு ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை வாசிக்காதவர்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

தூதரகமும் பெட்டியும்

இதற்கு நேர் எதிரான விடை சிறிய நாடுகளிலிருந்து வந்தது. சொந்த மண்ணையே இழக்க நேரிடும் என்ற அச்சம் உள்ளவர்களுக்கு, தரவை உள்ளே வைப்பது பாதுகாப்பாகத் தோன்றாது. எஸ்டோனியா 2007 வசந்தத்தில், சோவியத் காலப் போர்ச் சிலை ஒன்றை இடம் மாற்றியதைத் தொடர்ந்து, வாரக்கணக்கில் இணையத் தாக்குதலுக்கு ஆளான நாடு. வங்கிகளும் செய்தித் தளங்களும் அரசுத் தளங்களும் முடங்கின. பத்து ஆண்டு கழித்து, 2017 ஜூனில், லக்சம்பர்கோடு அது ஓர் ஒப்பந்தம் செய்தது. லக்சம்பர்கில் ஒரு தரவு மையத்தில் எஸ்டோனியாவின் முக்கியப் பதிவேடுகளின் நகல் இருக்கும். அந்த இடத்துக்குத் தூதரகத்துக்கு உரிய பாதுகாப்பு உண்டு. எஸ்டோனியாவின் அனுமதியின்றி லக்சம்பர்க் அதிகாரிகள் உள்ளே கால்வைக்கக் கூடாது. 'தரவுத் தூதரகம்' என்ற சொல் அப்படிப் பிறந்தது. 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை சர்வர்களை நினைத்து எழுதப்பட்டதல்ல என்பதால், அதன் சாயலில் இரு நாடுகளும் தனியே எழுதிக்கொண்ட ஏற்பாடு இது. 2023-24 மத்திய பட்ஜெட்டில், குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் பிற நாடுகள் தரவுத் தூதரகம் அமைக்க வழிசெய்வோம் என்று நிதியமைச்சர் அறிவித்ததும் இந்த யோசனையின் கிளைதான்.

உக்ரைன் இதே வழிக்கு வந்தது நிதானமாகத் திட்டமிட்டு அல்ல. அரசுத் தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் அங்கும் சட்டமாக இருந்தது. 2022 பிப்ரவரி 17 அன்று நாடாளுமன்றம் அதைத் தளர்த்தியது. ஒரு வாரம் கழித்து, 24-ஆம் தேதி, ரஷ்யப் படைகள் எல்லை தாண்டின. அன்றே லண்டனில் உக்ரைன் தூதரும் அமேசான் அதிகாரியும் சந்தித்து, எதை முதலில் காப்பாற்றுவது என்று காகிதத்தில் பட்டியல் போட்டார்கள். மக்கள்தொகைப் பதிவு, நில உரிமை, வரி, கல்விச் சான்று. இரண்டு நாளில் டப்ளினிலிருந்து போலந்தின் கிராகோ நகருக்கு 'ஸ்னோபால்' என்ற கருவிகள் விமானத்தில் போய்ச் சேர்ந்தன. பயணப் பெட்டி அளவில், சுமார் 22 கிலோ எடையுள்ள, கைப்பிடி வைத்த சேமிப்புப் பெட்டி அது. அங்கிருந்து அவை உக்ரைனுக்குள் போயின. தரவை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தன. ஜூன் மாதத்துக்குள் 10 பெட்டாபைட்டுக்கு மேல் இப்படியும் இணையவழியாகவும் வெளியேறியதாக அமேசான் சொன்னது. யார் வீடு யாருக்குச் சொந்தம் என்பதற்கான சாட்சி, ஒரு நாட்டைவிட்டு அகதிகளின் வழியே அகதியைப் போலவே கிளம்பியது. போரின் தொடக்க நாட்களிலேயே ரஷ்ய ஏவுகணை ஒன்று அரசுத் தரவு மையத்தைக் குறிவைத்ததாக மைக்ரோசாஃப்ட் பின்னர் எழுதியது. கிளம்பியது வீண்போகவில்லை.

பதிவேடுகளோடு இது நிற்கவில்லை. 'டெல்டா' என்ற உக்ரைனின் போர்க்கள வரைபட அமைப்பின் கிளவுட் பகுதிகளை நாட்டுக்கு வெளியே வைக்க 2023 பிப்ரவரியில் அந்த அரசு அனுமதி அளித்தது. போரை நடத்தும் மூளையின் ஒரு பகுதி, போரில் இல்லாத மண்ணுக்குப் போயிற்று.

இந்த விடையின் பலவீனம் வாடகையில் தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் உக்ரைனுக்கு அளித்த இலவச உதவியின் மதிப்பு 40 கோடி டாலரைத் தாண்டும் என்று அந்நிறுவனமே கூறியது. இலவசமாகக் கொடுப்பவர் ஒருநாள் நிறுத்தவும் செய்யலாம். கிரைமியாவுக்கு அருகே 2022-இல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைய இணைப்பைத் தர எலான் மஸ்க் மறுத்ததை அவருடைய வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சன் பதிவு செய்தபோது, உலகம் முழுக்க ராணுவத் தலைமையகங்கள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கும்.

சட்டத்தின் கை நீளம்

மூன்றாவது தரப்பினர் வழக்கறிஞர்கள். மண்ணைப் பார்க்காதே, கம்பெனி எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று பார் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தின் தொடக்கம் 2013 டிசம்பரில் நியூயார்க்கில் பிறப்பிக்கப்பட்ட ஒரு தேடுதல் ஆணை. போதைப்பொருள் வழக்கு ஒன்றில், டப்ளின் சர்வரில் இருந்த மின்னஞ்சலைத் தரும்படி மைக்ரோசாஃப்டுக்கு உத்தரவு வந்தது. அயர்லாந்து மண்ணில் இருப்பதை அமெரிக்க ஆணை தொட முடியாது என்றது நிறுவனம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் வாதமும் முடிந்திருந்த நேரத்தில், மார்ச் மாதம் 'கிளவுட் சட்டம்' நிறைவேறியது. தரவு உலகில் எங்கே இருந்தாலும், அது அமெரிக்க நிறுவனத்தின் பிடியில் இருந்தால் முறைப்படி கேட்டு வாங்கலாம் என்று அது சொல்லிவிட்டது. வழக்குக்கு வேலையில்லாமல் போனது.

இதன் கனம் ஐரோப்பாவுக்கு 2025-இல்தான் முழுதாக உறைத்தது. ஜூனில் பிரெஞ்சு செனட் குழுவின் முன், பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு பிரான்சின் ஒப்புதலின்றி அமெரிக்க அரசுக்குப் போகாது என்று உறுதி கூற முடியுமா என்று மைக்ரோசாஃப்ட் பிரான்ஸின் சட்ட அதிகாரியிடம் கேட்டார்கள். சத்தியப் பிரமாணத்தின்கீழ் அவர் சொன்னது: உறுதி கூற முடியாது, ஆனால் இதுவரை அப்படி நடந்ததில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்கு ஆளான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற வழக்குத்தொடுநருக்கு மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் இல்லாமல் போனதாகச் செய்தி வந்தது. நீதிமன்றத்துக்கான சேவையைத் தாங்கள் நிறுத்தவில்லை என்றது நிறுவனம்.

இந்தியாவுக்கு இது ஜூலையில் வீட்டு வாசலுக்கே வந்தது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்ய ரோஸ்நெஃப்டுக்கு 49 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை 18 அன்று அதன்மேல் தடை விதித்தது. அமெரிக்காவோ இந்தியாவோ தடை விதிக்கவில்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றன. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. இதில் ராணுவம் எதுவும் இல்லை. ஆனால் இந்தியாவில் இயங்கும் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் அலுவலக வேலை, அமெரிக்கக் கம்பெனி வழியாக, பிரஸ்ஸல்ஸின் முடிவால் நிற்க முடியும் என்றால், பாதுகாப்புத் துறைகள் அதை எண்ணெய்ச் செய்தியாக மட்டும் வாசிக்க மாட்டா. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவின் தளத்துக்கு மாறியது, சென்னையையும் தென்காசியையும் இந்த உலகச் சண்டையின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

கம்பெனியின் நாட்டை வைத்து அதிகாரத்தைக் கணக்கிடும் இந்த வாதம் வலுவானது. ஆனாலும் முழுமையானதல்ல. சட்டப்படி கேட்க உரிமை இருப்பதும், கேட்டதும் கிடைப்பதும் வேறு வேறு. இடையில் குறியாக்கம் நிற்கிறது.

சாவியை நாமே வைத்துக்கொள்வோம்

பொறியாளர்களின் விடை இது. பெட்டி யாருடைய வீட்டில் இருந்தால் என்ன, பூட்டின் சாவி நம்மிடம் இருந்தால் போதாதா? தரவை நாமே குறியாக்கம் செய்து, சாவியைக் கம்பெனிக்குத் தராமல் இருப்பது ஒரு வழி. வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாமல், கம்பெனியின் மென்பொருளை நம் கட்டடத்திலேயே ஓட்டுவது இன்னொரு வழி. ஜெர்மன் ராணுவத்தின் கணினி நிறுவனமான பி.டபிள்யூ.ஐ. 2025 மேயில் கூகுளோடு செய்த ஒப்பந்தம் இந்த இரண்டாவது வகை.

பூட்டிய பெட்டியைச் சேமித்து வைக்கலாம். உள்ளே இருப்பதை அலசி ஆராய வேண்டுமானால் எங்காவது திறந்தாக வேண்டும். ராணுவங்கள் கிளவுடுக்குப் போவதே அலசி ஆராயத்தான். துண்டித்து வைத்த கிளவுடுக்கும் புதுப்பிப்புகள் வெளியிலிருந்துதான் வர வேண்டும். தவிர, சாவியும் திருடு போகும். 2023-இல் சீனாவைச் சேர்ந்த ஊடுருவல் குழு ஒன்றின் கையில் மைக்ரோசாஃப்டின் கையொப்பச் சாவி ஒன்று சிக்கியது. 2016-இல் உருவாக்கி, எப்போதோ ஓய்வு கொடுத்திருக்க வேண்டிய சாவி. அதை வைத்து அமெரிக்க வெளியுறவுத் துறையின் அஞ்சல் பெட்டிகளிலிருந்து சுமார் 60,000 மின்னஞ்சல்களை எடுத்துவிட்டார்கள். கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் அல்ல; வெளியுறவுத் துறை. அதுவும், யார் எந்த அஞ்சலைத் திறந்தார்கள் என்று காட்டும் பதிவேட்டை அந்தத் துறை கூடுதல் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்ததால். வாங்காத மற்ற வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கதவுச் சத்தம் கேட்கவே வழியில்லை.

வீட்டுக்காரர் உள்ளே பார்க்கலாமா?

மேலே சொன்ன எல்லா விடைகளும் வாடகைக்கு எடுத்தவரின் பக்கம் நின்று பேசுபவை. வாடகைக்கு விட்டவருக்கு ஏதாவது பொறுப்பு உண்டா? இதைப் பேசுபவர்கள் பெரும்பாலும் அந்தக் கம்பெனிகளின் ஊழியர்களும் மனித உரிமை அமைப்புகளும். 2018-இல் பென்டகனின் 'மேவன்' டிரோன் காட்சித் திட்டத்துக்கு எதிராக ஆயிரக்கணக்கான கூகுள் ஊழியர்கள் கையெழுத்திட, நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2024 ஏப்ரலில், இஸ்ரேல் அரசோடு கூகுளும் அமேசானும் 2021-இல் செய்த 120 கோடி டாலர் 'நிம்பஸ்' ஒப்பந்தத்துக்கு எதிராக ஊழியர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து போராடியபோது, கூகுள் முதலில் 28 பேரை வேலையைவிட்டு அனுப்பியது. ஆறு ஆண்டில் காற்று திசைமாறியிருந்தது.

இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த மிகக் கூர்மையான சோதனை, இஸ்ரேலின் ஒட்டுக்கேட்புப் பிரிவான 8200. 2025 ஆகஸ்டில் கார்டியன் நாளிதழும் +972, லோக்கல் கால் இதழ்களும் சேர்ந்து வெளியிட்ட செய்தி இது: மேற்குக் கரையிலும் காசாவிலும் பாலஸ்தீனர்கள் பேசிய தொலைபேசிப் பேச்சுகளை அந்தப் பிரிவு மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடில் சேமித்தது, பெரும்பகுதி நெதர்லாந்திலும் ஒரு பகுதி அயர்லாந்திலும் உள்ள தரவு மையங்களில். அளவு சுமார் 11,500 டெராபைட், ஏறத்தாழ 20 கோடி மணி நேரப் பேச்சு. 'மணிக்குப் பத்து லட்சம் அழைப்புகள்' என்பது அந்தப் பிரிவுக்குள் வழங்கிய சொல்லாம். சந்தேக நபரைத் தேர்ந்தெடுத்து அவர் பேச்சைக் கேட்பது பழைய முறை. எல்லோர் பேச்சையும் முதலில் சேர்த்துவைத்துக்கொண்டு, ஆளைப் பிறகு தேர்ந்தெடுப்பது புதிய முறை. சேமிக்க இடம் இல்லாதது ஒரு காலத்தில் உளவாளிகளுக்கு இயற்கையே போட்ட கட்டுப்பாடாக இருந்தது. கிளவுட் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது.

செப்டம்பர் 25 அன்று மைக்ரோசாஃப்ட் தலைவர் பிராட் ஸ்மித், செய்தியின் சில பகுதிகளுக்கு ஆதாரம் கிடைத்ததாகவும், இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவுக்குச் சில சேவைகளை நிறுத்திவிட்டதாகவும் அறிவித்தார். பொதுமக்களை ஒட்டுமொத்தமாகக் கண்காணிக்கத் தங்கள் தொழில்நுட்பத்தைத் தருவதில்லை என்பது நிறுவனத்தின் விதி. அறிவிப்பில் கவனிக்க வேண்டிய இன்னொரு வரி உண்டு. விசாரணையின்போது வாடிக்கையாளரின் தரவைத் திறந்து பார்க்கவில்லை, சொந்த வணிகப் பதிவுகளை மட்டுமே பார்த்தோம் என்றது நிறுவனம். வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பது கிளவுட் தொழிலின் உயிர்நாடி என்பதால் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் விதியை மீறுகிறாரா என்று பார்க்க முடியாத ஒருவர் அந்த விதியை எப்படி அமல்படுத்துவார்? இங்கே அமல்படுத்த உதவியது கசிந்த ஆவணமும் பத்திரிகையும்தான்.

அதோடு அந்த முடிவு ஒரு முன்னுதாரணத்தையும் உருவாக்கிவிட்டது. ஓர் அமெரிக்கக் கம்பெனி ஒரு நட்பு நாட்டின் உளவுப் பிரிவுக்கே சுவிட்சை அணைக்கலாம். அதைப் பாராட்டியவர்களில் பலர், குற்றவியல் நீதிமன்ற விவகாரத்தில் அதே சுவிட்சைக் கண்டு அஞ்சியவர்கள். இதை முரண்பாடு என்று தள்ளிவிட முடியாது. எதற்காக அணைக்கிறார்கள் என்பது முக்கியம்தான். ஆனால் 'எதற்காக' என்பதை முடிவு செய்வது ரெட்மண்டில் இருக்கும் மைக்ரோசாஃப்டின் ஒரு நிர்வாகக் குழுவாக இருக்கிறது. இஸ்ரேல் இதை முன்பே யோசித்திருந்தது போலும். நிம்பஸ் திட்டத்தில் தரவு மையங்கள் இஸ்ரேல் மண்ணிலேயே அமைந்தன. எந்த அரசுத் துறைக்கும் சேவையை மறுக்க நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இடம் தரவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. வாடகைதாரரே வீட்டுக்காரரின் கையைக் கட்டிப்போடும் பத்திரம் அது. வருங்கால ராணுவ ஒப்பந்தங்கள் இந்த வடிவத்தையே நாடக்கூடும்.

இவ்வளவு வாதத்திலும் ஒருவருக்கு மட்டும் இடமே கிடைக்கவில்லை. பேச்சு பதிவானவர். அவர் வாடிக்கையாளர் அல்ல, சர்வர் இருக்கும் நாட்டின் குடிமகன் அல்ல, ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இல்லை.

சர்வர் இருக்கும் நாடு

மீதமிருப்பது நெதர்லாந்து, அயர்லாந்து போன்ற நாடுகளின் நிலை. 1907-இன் ஹேக் விதியை அப்படியே நீட்டினால், எல்லோருக்கும் விற்கும் கிளவுடைப் போரிடும் நாடு வாங்கினால் நடுநிலை நாட்டுக்குப் பழியில்லை என்று வாதிடலாம். அப்படி வாதிடும் சட்ட அறிஞர்கள் உண்டு. ஆனால் அந்த விதி செய்தியைக் கடத்தும் கம்பியைப் பற்றியது. கம்பி செய்தியை வாங்கி மறுமுனையில் கொடுத்துவிடும். கிளவுட் வைத்துக்கொள்கிறது, தேடுகிறது, மொழிபெயர்க்கிறது, இலக்கைப் பரிந்துரைக்கவும் உதவுகிறது. ஒரு படைக்கென்று தனியே பிரித்து, அதன் தேவைக்கேற்ப அமைத்துக்கொடுத்த கிளவுட் பகுதி, கடைத்தெருவில் வாங்கிய சேவையா, நடுநிலை மண்ணில் நிறுவிய நிலையமா? இரண்டு பக்கத்துக்கும் வாதம் இருக்கிறது. தீர்ப்பு எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

இதைவிடக் கடினமான கேள்வி தாக்குதல் பற்றியது. ராணுவ நடவடிக்கைக்குப் பயன்தரும் வகையில் பங்களிக்கும் பொருள் ராணுவ இலக்காகலாம் என்கிறது ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை. ஒரே கட்டடத்தில் ஒரு நாட்டின் போர்க்கள வரைபடமும் இன்னொரு நாட்டு மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவும் ஓடினால், அந்தக் கட்டடம் என்ன? தரவையே ஒரு பொருளாகக் கருதி அதற்குப் பாதுகாப்பு தர வேண்டுமா என்பதில் இணையப் போர்ச் சட்டம் குறித்த டாலின் கையேட்டை எழுதிய நிபுணர்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அதற்கு மாறாக, பொதுமக்களின் தரவுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகக் கூடாது என்கிறது.

இப்போதைக்கு ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது இவ்வளவே. மண், சட்டம், சாவி ஆகிய மூன்றில் எந்த ஒன்றும் தனியே போதுமானதாக இருக்கவில்லை. பராமரிப்புக் கட்டளையைச் சொல்பவர், புதுப்பிப்பை அனுப்புபவர், கணக்கை முடக்கக்கூடியவர் என்ற மூவரின் கையை எந்தச் சட்டமும் இன்னும் சரியாக வரையறுக்கவில்லை.

நெதர்லாந்திலேயே இதன் இரண்டு முனைகளையும் பார்க்கலாம். வுன்ஸ்டிரெக்ட் என்ற ஊரில் எஃப்-35 போர் விமானங்களின் உதிரிப் பாகங்களுக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. பாகங்கள் அமெரிக்காவுக்குச் சொந்தம். கிடங்கு டச்சு மண்ணில். போகும் இடங்களில் ஒன்று இஸ்ரேல். 2024 பிப்ரவரி 12 அன்று ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் இஸ்ரேலுக்கு அந்தப் பாகங்கள் போவதை நிறுத்தச் சொன்னது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அந்த முடிவை எடுக்க வேண்டியது அரசுதான் என்று கூறி, ஏற்றுமதி உரிமத்தை ஆறு வாரத்தில் மறுபரிசீலனை செய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தவை உரிமை அமைப்புகள். அவற்றுக்குக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். உரிமத்தை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க முடிந்தது. பெட்டிகள் வெளியேற ஒரு கதவும் சுங்கத் தாளும் இருந்தன.

அதே நாட்டில் அஷூர் சர்வரில் இருந்த பேச்சுகளுக்கு ஏற்றுமதி உரிமம் என்று ஒன்று தேவைப்படவில்லை. கார்டியன் செய்தி வந்த சில நாட்களிலேயே அவை நெதர்லாந்தைவிட்டு வெளியே மாற்றப்பட்டுவிட்டதாகப் பின்னர் தெரியவந்தது. எந்தச் சுங்க அதிகாரியும் எதிலும் முத்திரை வைக்கவில்லை.